பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

பள்ளிக்கூடம் லீவு விட்டு அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை எங்காவது கூட்டிப் போக வேண்டும். மாலில் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு மயக்கம் வராத குறைதான். "செலவில்லாத இடமாப் போலாம்டா" என்று சொல்லி மெரினாவுக்குக் கிளம்பினோம். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பறக்கும் ரயில் பிடிக்க பார்க் டவுன் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது பையன் கேட்டான்.

"சித்தப்பா, அது பார்க் ஸ்டேஷன், இது பார்க் டவுன் ஸ்டேஷன். பார்க் எங்க?"

சுற்றிலும் பார்த்தேன். சென்ட்ரல், ரிப்பன் மாளிகை, விக்டோரியா ஹால், மெட்ரோ, பஸ், ஆட்டோ. பார்க் மட்டும் இல்லை. அரசாங்கம் தமிழிலும் 'பூங்கா நகர்' என்றே பெயர்ப்பலகை வைத்திருக்கிறது. இல்லாத ஒன்றின் பெயரை இரண்டு மொழியில் எழுதி வைத்திருக்கிறோம்.

அந்தப் பார்க்கின் கதைதான் இது. இந்த ஊரில் காசில்லாமல் ஒரு சாயங்காலத்தைக் கழிப்பது எப்படி இருந்தது, அது எப்படிச் சுருங்கிப்போனது என்பதும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

1859இல் சார்லஸ் டிரெவெல்யன் மதராஸ் கவர்னராக வந்தார். ஆள் ஒரு விசித்திரக் கலவை. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்துகொண்டு நிவாரணத்தைக் கெடுபிடியாகப் பிடித்து வைத்தவர் என்று அயர்லாந்துக்காரர்கள் இன்றும் அவரைச் சபிக்கிறார்கள். அதே மனிதர் மதராஸுக்கு வந்ததும், நெரிசலில் கிடந்த பிளாக் டவுன் ஜனங்களுக்குக் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். பிளாக் டவுன் என்றால் இப்போதைய ஜார்ஜ் டவுன். 1906இல்தான் பெயர் மாறியது. அதன் மேற்கு விளிம்பை ஒட்டி 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க் உருவானது. மக்கள் பூங்கா. குளங்கள், வண்டிப் பாதைகள், பேண்டு வாசிக்க மேடை எல்லாம் வந்தன.

பூங்கா முழுதாக எழும்பியதை அவர் கவர்னராக இருந்து பார்க்கவில்லை. வருமான வரி கூடாது என்று கல்கத்தாவோடு சண்டை போட்டு, தன் எதிர்ப்பைப் பத்திரிகையிலும் வெளியிட்டதால் 1860இலேயே திருப்பி அழைத்துவிட்டார்கள். ஒன்றரை வருஷம்கூட இங்கே இருக்கவில்லை.

பூங்கா வந்த கொஞ்ச நாளில் மிருகங்களும் வந்து சேர்ந்தன. இதற்குப் பின்னால் இருப்பவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். 1851இல் தொடங்கிய மதராஸ் மியூசியத்தின் முதல் பொறுப்பாளர். மியூசியத்தில் உயிருள்ள மிருகங்களை வைத்தால் கூட்டம் குவிகிறது என்று கண்டுகொண்டு, கர்நாடக நவாபிடம் இருந்த மிருகங்களையும் கேட்டு வாங்கி, 1855இல் மியூசியத்திலேயே ஒரு மிருகக் காட்சி சாலையை ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருஷமே 300க்கு மேல் ஜீவன்கள் சேர்ந்தாயிற்று. 1863இல் அதை முனிசிபாலிட்டி ஏற்றுக்கொண்டு பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு மூலைக்கு மாற்றியது. பொதுஜனத்துக்கு அனுமதி இலவசம்.

பழைய மதராஸ்காரர்கள் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்றும், இந்த ஜூவை 'உயிர்க் காலேஜ்' என்றும் சொல்வார்கள். காலேஜ் எங்கிருந்து வந்தது என்று எனக்கு வெகுநாள் குழப்பம். மியூசியம் முதலில் குடியிருந்தது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆனால் செத்தது, உயிரோடிருப்பது என்று பிரித்துப் பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். கோடை லீவில் வெளியூரிலிருந்து பட்டணம் பார்க்க வந்த உறவுக்காரர்களுக்கு வீட்டுக்காரர்கள் போட்ட ஒருநாள் திட்டமே இந்த ரெண்டு காலேஜும், சாயங்காலம் கடற்கரையும்தான்.

கடற்கரையும் அப்போது புதுசு. துறைமுக வேலை 1870களில் தொடங்கியபிறகு அதற்குத் தெற்கே மணல் ஒதுங்கி ஒதுங்கிக் கரை அகலமானது. அந்த மணலைப் பார்த்து 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு, இத்தாலிய ஞாபகத்தில் மெரினா என்று பெயரும் வைத்தார். துரைமார் குதிரை வண்டியில் காற்று வாங்கப் போட்ட பாதை. ஆனால் மணல் எல்லாருக்கும் பொதுவாயிற்றே. 1907 மே மாத வெயிலில் பிபின் சந்திர பாலைக் கூட்டி வந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பேச வைத்தார்கள். அந்த வரவேற்புக்கு ஓடியாடி வேலை செய்தவர்களில் பாரதியும் ஒருவர். ஹாலுக்கு வாடகை வேண்டாம், மேடை வேண்டாம், கேட்பவனுக்கு டிக்கெட் வேண்டாம். கோடைக்காலச் சாயங்காலம், கடல்காற்று, சுதேசிப் பேச்சு. சர்க்காருக்கு வயிற்றில் புளி கரைத்ததில் ஆச்சரியமில்லை.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் சில நண்பர்களோடு சேர்ந்து மதராஸ் மாகாண ரேடியோ கிளப் தொடங்கினார். அப்போது ஆல் இந்தியா ரேடியோ என்று ஒன்று கிடையாது. சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு சொந்த ஆர்வத்தில் ஒலிபரப்பினார்கள். பணம் தட்டுப்பட்டு 1927இல் கிளப் படுத்துவிட்டது. மிச்சமிருந்த டிரான்ஸ்மிட்டரை மதராஸ் கார்ப்பரேஷனிடம் கொடுத்துவிட்டார்கள். குப்பை அள்ளுவதும் குழாய்த் தண்ணீர் விடுவதும் வேலையாக உள்ள ஓர் அலுவலகத்துக்கு டிரான்ஸ்மிட்டர் எதற்கு? வேறு யாராவது இருந்தால் கிடங்கில் போட்டுப் பூட்டியிருப்பார்கள். கார்ப்பரேஷன் 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பத் தொடங்கியது. தேதியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், எட்டு வருஷம் விடாமல் நடத்தினார்கள்.

சாயங்காலம் பாட்டுக் கச்சேரி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தனி நிகழ்ச்சி. சரி, கேட்பது யார்? ரேடியோ பெட்டி பணக்கார வீட்டுச் சாமான். வாங்கினாலும் வருஷத்துக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்ட வேண்டும். அன்றைக்கு 10 ரூபாய் லேசுப்பட்ட காசில்லை. அதனால் கார்ப்பரேஷன் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். 1930களில் கர்நாடக சங்கீதம் சபாக்களுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மியூசிக் அகாடமி 1928இல் வந்துவிட்டது. சபா என்றால் டிக்கெட், டிக்கெட் என்றால் காசு, காசு இருந்தாலும் பக்கத்து நாற்காலிக்காரர் யார் என்று பார்க்கிற காலம். அதே நேரத்தில் இந்தப் பக்கம் புல்தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிற துறைமுகக் கூலிக்காரர், அவர் மனைவி, மூக்கொழுகும் பிள்ளைகள் காதில் கச்சேரி விழுகிறது. காற்றில் வருகிற பாட்டுக்கு வாசல் கிடையாது, வாசற்காரனும் கிடையாது. ஒலிபெருக்கி கரகரத்திருக்கும், பாதி ராகத்தைக் கடல்காற்று கொண்டுபோயிருக்கும். இருந்தாலும் சென்னையின் நிர்வாக வரலாற்றில் இவ்வளவு அழகான காரியம் இன்னொன்று நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1938 ஜூன் 16 அன்று ஆல் இந்தியா ரேடியோ மதராஸ் நிலையம் திறந்ததும் கார்ப்பரேஷன் ரேடியோ தன் கடையைக் கட்டியது.

பார்க்குக்குத் திரும்புவோம். 116 ஏக்கர் காலி நிலம் ஊருக்கு நடுவில் கிடந்தால் யாருக்குத்தான் கை அரிக்காது? முதலில் 1880களில் விக்டோரியா பப்ளிக் ஹால். நகரத்துக்கு ஒரு டவுன் ஹால் வேண்டாமா என்றார்கள், நியாயம்தான். 1897இல் விவேகானந்தர் பேசிய இடம், சுகுண விலாச சபா நாடகம் போட்ட இடம். அடுத்து 1900இல் மூர் மார்க்கெட். பிராட்வேயில் இருந்த சந்தை நாறிக்கொண்டிருந்தது, சுத்தமாக ஒன்று வேண்டும் என்றார்கள், அதுவும் நியாயம். பிறகு 1913இல் ரிப்பன் மாளிகை. கார்ப்பரேஷனுக்குக் கட்டடம் வேண்டும். பிறகு கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் வினு மன்கடும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது இங்கேதான். 1995 தெற்காசிய விளையாட்டுக்கு முன்பு அதையே புதுசாகக் கட்டி நேரு ஸ்டேடியம் ஆக்கினார்கள்.

கவனித்தீர்களா, ஒன்றையாவது அநியாயம் என்று சொல்ல முடிகிறதா? எந்த முதலாளியும் வந்து வளைத்துப் போடவில்லை. ஒவ்வொரு தடவையும் பொது நன்மைக்காகத்தான் ஒரு துண்டு வெட்டினார்கள். கல்யாணச் சாப்பாட்டில் ஆளுக்கொரு கரண்டி என்று அண்டா காலியாவது போல. அப்படிப் போனதால்தான் பூங்கா போன அன்று ஊரில் ஒருவரும் அழவில்லை.

போன அன்று என்று ஒரு நாளைச் சொல்ல வேண்டுமென்றால் நான் 1985ஐச் சொல்வேன். அந்தக் கோடையில், மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, புறா, முயல் என்று எதையும் வாங்காமலே அரைநாள் சுற்றிவிட்டு வரக்கூடிய இடம். சென்ட்ரலை விரிக்க ரயில்வேக்கு அந்த நிலம் தேவைப்பட்டிருந்தது. தீ தானாகப் பிடித்ததா என்று இன்றும் ஊரில் முணுமுணுப்பு உண்டு. அங்கேதான் இப்போது புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 24 அன்று வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. உயிர்க் காலேஜ் பார்க்கை விட்டுப் போய்விட்டது.

வண்டலூருக்குப் போனது மிருகங்களுக்கு நல்லது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரயில் சத்தத்துக்கும் பஸ் புகைக்கும் நடுவில் சின்னக் கூண்டில் சிங்கத்தை அடைத்து வைத்ததை நினைத்து உருக நான் தயாரில்லை. அங்கே 1265 ஏக்கர் காட்டு நிலம். ஆனால் மனுஷர் பக்கத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. ராயபுரத்திலிருந்தோ புளியந்தோப்பிலிருந்தோ கட்டுச்சோற்றோடு நடந்தே வந்து புலி பார்த்துவிட்டுப் போன குடும்பம் இப்போது முப்பது கிலோமீட்டர் ரயிலில் போய், தலைக்கு ஒரு டிக்கெட் எடுக்க வேண்டும். இந்தக் கணக்கை அப்போது யாரும் போட்டதாகத் தெரியவில்லை.

அதே 1985 இன்னும் முடியவில்லை. மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று மணலில் கிடந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த அரசாங்கம் இறங்கியது. மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. நாம் சுண்டல் தின்று காற்று வாங்குகிற மணல், தலைமுறை தலைமுறையாக அவர்கள் வலை உலர்த்திய மணல். வருகிறவனுக்கு இலவசம் என்றால் ஏற்கெனவே இருக்கிறவன் எங்கே போவான் என்ற கேள்வி இன்றைக்கும் அங்கே, கலங்கரை விளக்கத்துப் பக்கம் மீன் கடைகளுக்கு இடையில், தீராமல்தான் கிடக்கிறது. நான் மெரினாவைப் புகழ்ந்து எழுதும் போதெல்லாம் இது குறுக்கே வந்து நிற்கும்.

இதையெல்லாம் பத்து வயசுப் பையனிடம் பிளாட்பாரத்தில் நின்று சொல்ல முடியுமா? பாதி சொன்னேன். சிங்கம் இருந்த இடம் என்றதும் கண் விரிந்தது, கார்ப்பரேஷன் ரேடியோ என்றதும் கொட்டாவி வந்தது. "அப்ப ஒண்ணுமே மிச்சம் இல்லையா சித்தப்பா?" என்றான்.

இருக்கிறது. மெரினாவை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தோம். ரிப்பன் மாளிகையைத் தாண்டி, ஸ்டேடியத்துக்குப் பின்பக்கம், சைடனாம்ஸ் ரோட்டில் மை லேடீஸ் பூங்கா. ஒரு காலத்தில் மலர்க் கண்காட்சிக்குப் பேர்போன இடம். 116 ஏக்கரில் பூங்காவாகவே மிஞ்சியிருக்கிற துண்டு. உள்ளே ஒரு பெரியவர் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். ரெண்டு பிள்ளைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் மூன்றாவதாகப் போய் வரிசையில் நின்றான்.

வெளியே வந்து ஐஸ் வாங்கிக் கொடுத்ததுதான் அன்றைய செலவு.