தாத்தா பேனாவும் கொஞ்சம் கந்தகமும்

தாத்தாவின் எபோனைட் பேனா, லேத்தில் கையால் கடைந்தது, பழுப்பேறிக் கிடந்தது. நேத்து ராத்திரி நிப்பு, நாக்கட்டை எல்லாத்தையும் உருவிப் பிரித்துப் போட்டேன்.

எபோனைட்டுன்னா வேறொன்னுமில்லை, கந்தகம் நிறையச் சேர்த்து இறுக வைத்த ரப்பர். 1851-ல் அமெரிக்காவில் இதுக்குக் காப்புரிமை வாங்கியவர் சார்லஸ் குட்இயரின் தம்பி நெல்சன். இங்கே நியூ ஜெர்சியில், பட்லர் என்ற ஊரில் எபோனைட் ஆலையே ஓடியது. அப்புறம் பிளாஸ்டிக் வந்து ஓரங்கட்டிவிட்டது. ஆனா திருவள்ளூர் ரங்கா பேனாக்காரர்கள் விடவில்லை, இன்னும் எபோனைட்டில் கையால் கடைகிறார்கள்.

வெயிலும் ஈரமும் படப்பட கறுப்பு வெளுக்கும். வெந்நீர் ஆகவே ஆகாது. வாட்டர் பேப்பரால் தேய்த்தால் பளபளப்பு திரும்பும். ஆனா உடம்பில் பொறித்த தாத்தா பேரும் சேர்ந்து தேஞ்சிடுமே!

மூடியை மட்டும் தேய்த்தேன். பேர் பழுப்பாவே இருக்கட்டும்.