ஜனவரிக் குளிரில் விற்ற வெயில்

1974 ஆகஸ்ட் 15. ஸ்பெயின் கடற்கரைகளில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆனந்தமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள் பிரிட்டிஷ்காரர்கள். செய்தி வந்தது. உங்களைக் கூட்டிவந்த கோர்ட் லைன் கம்பெனி திவால்.

வெளிநாடுகளில் சிக்கிக்கொண்டவர்கள் 40 ஆயிரத்துக்கும் மேல். அவர்களையாவது மற்ற கம்பெனிகள் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தன. பணம் கட்டிவிட்டுப் பெட்டியோடு காத்திருந்தவர்கள்தான் பாவம்.

இந்த வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் விளாடிமிர் ரைட்ஸ். ராய்ட்டர்ஸில் வேலை பார்த்தவர். 1950-ல் கார்சிகா தீவுக்கு ஆள் கூட்டிப்போனார். தங்குவதற்குக் கூடாரம், சாப்பாடு, விமானம், எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். வெயில் வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். மனிதர் ஜனங்களின் நாடியைப் பிடித்துவிட்டார்.

பின்னால் வந்தவர்கள் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். ஸ்பெயினில் ஹோட்டல் அறைகளை மொத்தமாகப் பேசி முடிப்பார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் நீலக்கடல் படம் போட்ட வண்ணப் புத்தகம் வெளிவரும். ஏன் ஜனவரியில்? வெளியே எலும்பை உருக்கும் குளிர், நசநசவென்று மழை. அந்த நேரத்தில் கடற்கரைப் படத்தைக் காட்டினால் கை தானாகப் பர்ஸுக்குப் போகாதா? அட்வான்ஸ் கட்டிவிடுவார்கள்.

இதில்தான் ஒரு வில்லங்கம். விலையைச் சொல்வது ஜனவரியில். விமானத்துக்கு எரிபொருள் போடுவது ஆகஸ்டில். நடுவில் எது ஏறினாலும் கம்பெனி தலையில். லாபமோ மெல்லியது, ஏனென்றால் பக்கத்துக் கடைக்காரனைவிட ஒரு பவுண்டாவது குறைத்து விற்றாக வேண்டும்!

1973 அக்டோபரில் மத்திய கிழக்கில் போர். சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கு. பிரிட்டனில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் மூன்றே நாள் வேலை. டி.வி.யைக்கூட இரவு பத்தரைக்கு மூடினார்கள். 1974 ஜனவரியும் வழக்கம்போலக் குளிரத்தான் செய்தது. ஆனால், அடுத்த மாதச் சம்பளமே சந்தேகம் என்கிறபோது ஸ்பெயினுக்கு யார் அட்வான்ஸ் கட்டுவார்கள்? பேசி வைத்த அறைகள் காற்று வாங்கின. கோர்ட் லைனின் மிட்டாய் கலர் விமானங்களும்தான்.

கொடுமை என்னவென்றால், ஜூன் மாதம் அந்தக் கம்பெனியின் கப்பல் கட்டும் தொழிலை அரசு வாங்கிக்கொள்ள முடிவெடுத்தபோது, இந்தக் கோடைச் சுற்றுலாக்களுக்கும் ஆபத்தில்லை என்கிற தொனியில் நாடாளுமன்றத்தில் பேசினார் அமைச்சர் டோனி பென். அதை நம்பியவர்கள் உண்டு. பிற்பாடு அரசின் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரியே இதைக் கண்டித்தார். வருஷம் பூராவும் குருவி சேர்ப்பதுபோலச் சேர்த்தவனுக்கு அந்தக் கண்டனத்தால் என்ன லாபம்? 1975-ல் தனிச்சட்டம் போட்டு, சுற்றுலாக் கம்பெனிகளிடம் தீர்வை வசூலித்து ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். இழந்த பணம் அதிலிருந்துதான் திரும்பியது.

1976-ல் கதை தலைகீழ். பவுண்டின் மதிப்பு சரிந்ததால் வெளிநாட்டில் ஒவ்வொரு செலவும் கூடுதலாகக் கடித்தது. அதே வருஷம் பிரிட்டனிலேயே வெயில் கொளுத்தியது. குழாயில் தண்ணீர் வராத அளவுக்கு வறட்சி. வெளிநாடு போனவர்கள் எண்ணிக்கை முந்தைய வருஷத்தைவிடக் குறைந்தது. ஆகஸ்ட் கடைசியில் டெனிஸ் ஹோவெல் என்ற அமைச்சரிடம் வறட்சிப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். சில நாட்களில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. அதற்குள் விடுமுறையும் கிட்டத்தட்ட முடிந்திருந்தது.