பிரமாணப் பத்திரம் வீட்டு மனைக்கு உரிமை தருமா?

பெங்களூரு: பெங்களூருவின் புறநகர்களில் வருவாய் நிலங்களில் மனை வாங்கிய பலரிடம் கிரயப் பத்திரம் இருப்பதில்லை. பொது அதிகாரப் பத்திரமும், முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டதாக விற்றவர் கையொப்பமிட்ட பிரமாணப் பத்திரமுமே இருக்கும். இவற்றின் பலவீனம், பெரும்பாலும் விற்றவர் இறந்து வாரிசுகள் உரிமை கோரும்போதுதான் தெரியவருகிறது.

சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 54-ஆவது பிரிவின்படி, 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள மனையைப் பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தின் மூலமே விற்க இயலும். இதனை 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பெங்களூரு சுஞ்சகட்டா மனை தொடர்பான வழக்கில் 2025 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பிலும் இதே நிலைப்பாட்டை எடுத்தது. அந்த மனையின் உரிமையாளர் 1986-இல் 'ரத்து செய்ய இயலாத' அதிகாரப் பத்திரமும் விற்பனை ஒப்பந்தமும் எழுதிக்கொடுத்து, 1997-இல் காலமானார். அதிகாரம் பெற்றவர் 1998-இல் தம் மகனுக்குக் கிரயம் செய்தார். வாரிசுகளோ 2003-இல் வேறொருவருக்கு விற்றனர். உரிமையாளர் இறந்ததும் அதிகாரம் முடிந்துவிட்டது எனக் கூறிய நீதிமன்றம், வாரிசுகள் வழி வந்த உரிமையையே ஏற்றது.

பிரமாணப் பத்திரத்தைச் சார் பதிவாளரிடம் பதிவு செய்தால் போதுமா? போதாது. பதிவு, அதனைக் கிரயப் பத்திரமாக்கிவிடாது. அதில் கூறப்பட்டவை உண்மை என்பதையும் நிரூபிக்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமமும், முந்தைய சட்டத்தைப் போலவே, நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் பிரமாணப் பத்திரங்களைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துள்ளது. உரிமையியல் வழக்குகளில் முதல் விசாரணைச் சாட்சியத்தைப் பிரமாணப் பத்திரமாக அளிக்கலாம் என்றாலும், அதனை அளித்தவர் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும்.

ஆயினும், குடும்ப உறவைக் காட்டுவதில் பழைய பிரமாணப் பத்திரத்துக்கு மதிப்பு உண்டு. உறவை அறிந்த ஒருவர், தகராறு எழுவதற்கு முன்பே அதுபற்றிக் கூறிவிட்டு இறந்திருந்தால், அக்கூற்று 26-ஆவது பிரிவின்கீழ் ஏற்கத்தக்கது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: பதிவேட்டில் 5 ஆண்டுகள் இருந்த வாரிசுரிமைப் பிரமாணப் பத்திரம் அங்கு முதல்நிலைச் சான்றாகிறது. இந்தியாவில் அத்தகைய காலக்கணக்கு இல்லை.

எனவே இத்தகைய மனை வைத்திருப்போர், விற்றவர் உயிருடன் இருக்கும்போதே கிரயப் பத்திரம் பெறுவதே பாதுகாப்பு. அவர் இறந்திருந்தால் வாரிசுகள் அனைவரின் கையொப்பமும் தேவைப்படும்.