இசைவுத் தீட்டு முதல் பிரிவு 370 வரை: ஆள் விற்பனையும் சம்மதம் என்னும் சாட்சியும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆளை விற்கும் ஆவணத்துக்கு ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’ என்று பெயர். அந்த ‘இசைவு’ யாருடையது? ஒப்பந்தம் செய்த இரு தரப்பும், அதாவது விற்றவரும் வாங்கியவரும், ஒத்துக்கொண்டதைக் குறிப்பதே அச்சொல்லின் பொதுவான பொருள். விற்கப்பட்டவர் இசைந்தாரா என்பது வேறு கேள்வி. ஆனால் தன்னைத்தானே விற்றுக்கொண்டவர்களின் ஆவணங்களில் இரண்டு கேள்விகளும் ஒன்றாகிவிடுகின்றன. 1201ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்டார்கள். காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற காலம் அது. அவர்கள் இசைந்தார்கள் என்பதில் ஐயமில்லை. பட்டினியில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதிலும் ஐயமில்லை. ஆள் கடத்தலின் அறச்சிக்கல் முழுவதும் இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது.

பக்தி மரபும் இந்த ஆவணத்தை அறியும். சுந்தரரின் திருமணப் பந்தலில் ஒரு முதியவர் ஆளோலையுடன் வந்து நிற்கிறார். பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை பேரனைக் கட்டுப்படுத்தும் என்பது அவர் வழக்கு. திருவெண்ணெய்நல்லூர் அவை பாட்டனின் வேறொரு கையெழுத்தோடு ஓலையை ஒப்பிட்டுப் பார்க்கிறது. கையெழுத்து மெய்யா என்றுதான் அவை கேட்டது. பிறக்காத பேரனுக்காகப் பாட்டன் இசையலாமா என்று அது கேட்கவில்லை. கதை இறைவனின் திருவிளையாடல்தான். ஆனாலும் அதைக் கேட்டவர்களுக்கு ஆளோலை ஒரு விந்தையாகத் தோன்றியிருக்காது.

பதினேழாம் நூற்றாண்டில் இந்த விற்பனை கடலேறியது. டச்சுக் கம்பெனி 1658இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியது. அடுத்து, பிஜப்பூர்ப் படையெடுப்புகளால் தஞ்சை நாடு பாழான 1659 முதல் 1661 வரையிலான காலத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் அது வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 பேர் வரை. பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். படையெடுப்பு, வறட்சி, பஞ்சம் ஆகியவை வந்த ஆண்டுகளிலெல்லாம் வியாபாரம் பெருகியது. விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டுகளில் அது படுத்துவிட்டது.

சென்னையின் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற ஆவணங்கள் இன்னும் வெளிப்படையானவை. பஞ்சத்தால் ஏழைகள் மலிவாகக் கிடைத்த 1687இல், புனித ஜார்ஜ் கோட்டை நிர்வாகம் ஏற்றுமதியாகும் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு வராகன் சுங்கம் விதித்தது. அந்தச் செப்டம்பரில் மட்டும் 665 பேர் கப்பலேறினார்கள். எலிஹு யேல் ஆளுநராக இருந்த 1688 மே மாதத்தில் அதே நிர்வாகம் இந்த வியாபாரத்தைத் தடைசெய்தது. மீறினால் ஆளுக்கு 50 வராகன் தண்டம். மனம் மாறியதுதான் காரணமா? தீர்மானமே பதில் சொல்கிறது: ஆட்கள் அருகிவிட்டதால் சுங்க வருவாய் சொற்பம்; பிள்ளைகளும் வேலையாட்களும் திருடப்படுவதாக நாட்டு அதிகாரிகளிடமிருந்து தொல்லை; புதிதாக வந்த முகலாய ஆட்சிக்கு இந்த வணிகம் அறவே பிடிக்கவில்லை. ஒரு வராகனுக்கு அந்தத் தொல்லை கட்டுப்படியாகவில்லை. இந்தத் தடையை மனிதநேயத்தின் முதல் படியாகக் காட்ட நினைப்பவர்கள் தீர்மானத்தை ஒருமுறை படிப்பது நல்லது.

பின்வந்த சட்டங்களை விரைவாகக் கடக்கலாம். 1789இல் காரன்வாலிஸ் வங்கத்திலிருந்து நடந்த ஏற்றுமதியைத் தடுத்தார். 1833ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஒழிப்புச் சட்டம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளை விலக்கிவைத்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமையின் மீதான உடைமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. விலை போய்விட்டது. அந்த இடத்துக்கு முன்பணமும் ஒப்பந்தமும் வந்தன.

ஒப்பந்தக் கூலி முறை சம்மதத்தைச் சடங்காகவே ஆக்கியது. 1834 முதல் மொரீஷியசுக்கும், 1860இல் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டாலுக்கும், 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜிக்கும் ஆட்கள் போனார்கள். போகிறவரைப் பதிவு அதிகாரி முன் நிறுத்தி, ‘விருப்பத்தோடுதான் போகிறாயா?’ என்று கேட்க வேண்டும் என்பது விதி. கைரேகை வைக்கும்வரை அவர் சுதந்திர மனிதர். வைத்த பிறகு வேலைக்குப் போக மறுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதத்தை நிரப்பியாக வேண்டியிருந்ததால், ஆள்பிடிப்பவர்கள் கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் தனித்து நின்ற பெண்களைத் தேடினார்கள். பிஜியின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பாரதி பாடியது இந்தப் பின்னணியில்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணியும் ‘துண்டும்’ இதே வேலையைச் செய்தன. தொழிலாளி பட்ட கடனைத் துண்டுச் சீட்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றும் அந்த வழக்கம் 1921இல்தான் ஒழிந்தது.

சம்மதத்தின் மீதான முதல் பெரிய அரசியல் தாக்குதலைத் தொடுத்தவர் கோகலே. 1912இல் இம்பீரியல் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம், வஞ்சனையில் எழுந்து வன்முறையால் நிற்கும் முறை இது என்று வாதிட்டது. அரசு தரப்பு வாக்குகளால் தீர்மானம் தோற்றது. ஐந்தாண்டு கழித்து, போர்க்காலத்தில், ஆள் அனுப்புவது நின்றது.

குடியரசின் அரசியலமைப்பு 23ஆம் பிரிவில் ஆள் வணிகத்தையும் வெட்டி வேலையையும் ஒருங்கே தடைசெய்தது. அந்தப் பிரிவின் முழு வீச்சு வெளிப்பட்டது 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைக்கிறார் என்றால் வறுமை அவரை அங்கே தள்ளியிருக்கிறது. அதுவும் கட்டாயம்தான் என்றார் நீதிபதி பகவதி. திருப்பாம்புரத்து வேளாளருக்கு ஏறத்தாழ 780 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில் என்று இதை நான் படிக்கிறேன். 2013இல் திருத்தி எழுதப்பட்ட 370ஆம் பிரிவு, ஆள் கடத்தல் குற்றத்தைத் தீர்மானிப்பதில் பாதிக்கப்பட்டவரின் சம்மதத்துக்கு இடமில்லை என்று விளக்கமாகவே சேர்த்துக்கொண்டது. 2024 ஜூலை முதல் அந்த விளக்கம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவில் தொடர்கிறது.

இவற்றில் என் கவனத்தை அதிகம் இழுப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படியல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. கையில் இருக்கும் ஆவணம் கொடுத்தவருக்கே எதிராகத் திரும்பலாம். அதனால்தானோ என்னவோ, செங்கல் சூளை முன்பணத்துக்கு இப்போது பத்திரம் எழுதுவது அரிது. மேஸ்திரியின் நோட்டில் ஒரு பெயரும் ஒரு தொகையும் இருக்கும், அவ்வளவுதான்.