சிப்பாய்க்குச் சிவப்பு, பாளையத்து வீரனுக்கு?

கட்டைவிரல் உயர உலோகப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, மேசைமீது அணிவகுத்து, பழைய போர்களை மீண்டும் நிகழ்த்திப் பார்ப்பது மேலைநாடுகளில் வேரூன்றிய பொழுதுபோக்கு. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட போர் விளையாட்டு விதிகள் இராணுவப் பயிற்சிக்கானவை. 1893-இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈயப் பொம்மைகளை மலிவாக வார்க்கத் தொடங்கியது. 1913-இல் எச்.ஜி. வெல்ஸ் வீட்டுத் தரையில் ஆடுவதற்கான விதிகளை நூலாக்கினார். சதுரங்கப் பலகையில் நால்வகைப் படையை நிறுத்தியவர்கள் நாம். கொலுப்படியில் மண்பொம்மைகளை வரிசை குலையாமல் அடுக்குபவர்களும் நாமே. ஆகவே இக்கலை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

ஆயினும் தூரிகையைக் கையில் எடுத்ததும் ஒரு சிக்கல் எழுகிறது. நூலாசிரியர் 'வீரர்கள் பாய்ந்தனர்' என்று எழுதிவிட்டு நகரலாம். பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவர் அவ்வாறு நகர இயலாது. தலைப்பாகை என்ன நிறம், இடுப்பில் கட்டியது என்ன, காலில் செருப்பு இருந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் விடை கண்டாக வேண்டும்.

ராயகிரியைச் சுற்றிய நிலத்தையே எடுத்துக்கொள்வோம். அருகிலுள்ள வாசுதேவநல்லூரும் நெற்கட்டும்செவலும் பூலித்தேவரின் கோட்டைகள் இருந்த ஊர்கள். 1755-இல் கர்னல் ஹெரானும் மாபூஸ்கானும் கப்பம் கேட்டுப் படையுடன் வந்தனர். நெற்கட்டும்செவலைப் பிடிக்க இயலாமல் ஹெரான் திரும்பினார். 1761-இல் யூசுப்கான் இக்கோட்டைகளைக் கைப்பற்றினார். 1767-இல் கர்னல் டொனால்ட் கேம்பெல் மீண்டும் வாசுதேவநல்லூரை முற்றுகையிட நேர்ந்தது. மேசையில் அமைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான களம் அரிது.

கம்பெனிப் பக்கத்துக்கு வண்ணம் தீட்டுவதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. சிப்பாய்க்குச் சிவப்பு மேற்சட்டை. பிரிட்டிஷ் அரசுப் படைகளுக்கோ, எந்தப் பிரிவுக்குக் கைமடிப்பு எந்த நிறம் என்பதை 1768-ஆம் ஆண்டு அரசாணையே வரிசைப்படுத்திச் சொல்கிறது. ஆனால் மண்கோட்டைக்குள் நின்றவனுக்கு இத்தகைய அரசாணை ஏதுமில்லை. அவனைப் பற்றி நமக்குக் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை எதிரணியார் எழுதியவை. அஞ்சுதெங்கில் பிறந்த ராபர்ட் ஓர்ம் தென்னாட்டுக் கள்ளர் படையினரின் ஈட்டியை 18 அடி நீளமென்று எழுதினார். 1801-இல் பாளையக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ், மருது சகோதரரிடம் தாம் வளரி எறியக் கற்றதைப் பதிந்துள்ளார். கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு போர்களைச் சொல்கிறது. ஆயுதம் உண்டு, போர் உண்டு. ஆடையின் நிறம் அரிதாகவே தலைகாட்டுகிறது.

எழுத்து மௌனமாகும் இடத்தில் ஓவியம் ஓரளவு உதவுகிறது. திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உட்சுவர்களிலும், இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்திலும் போர்க்காட்சிகள் உள்ளன. முன்னது காலத்தால் மிக முந்தியது. பின்னது பதினெட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது, எனினும் சேதுபதியின் அரண்மனை. இரண்டையும் பாளையத்து வீரனின் புகைப்படமாகக் கொள்ளலாகாது; சான்றாக எடைபோட்டே கொள்ள வேண்டும். சாயங்களிடமும் கேட்கலாம். அவுரி நீலம் தந்தது, சாயவேர் சிவப்புத் தந்தது. சாயம் ஏறாத பருத்தி பழுப்பு கலந்த வெண்மையாகவே இருந்தது. நம் வண்ணத்தட்டு இந்த எல்லைக்குள் நிற்பது நலம்.

அளவும் பாடம் புகட்டுகிறது. 28 மில்லிமீட்டர் வீரனுக்கு 18 அடி ஈட்டி ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் வரும். ஆள் உயரத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். வார்ப்பில் வரும் மென்மையான உலோகம் வளைந்துவிடும் என்பதால் எஃகுக் கம்பி செருக வேண்டியிருக்கிறது. அதைச் செருகி நிறுத்திய பின்னரே, இத்தனை நீள ஆயுதத்துடன் நெருக்கி நிற்க எத்தகைய பழக்கம் வேண்டும் என்பது விளங்குகிறது. கட்டுப்பாடற்ற கும்பல் என்று கம்பெனியார் எழுதிச் சென்ற சொல்லை அந்த ஈட்டி வரிசை ஐயத்துக்கு உள்ளாக்குகிறது.

இருபது சிப்பாய்களை ஒரே அமர்வில் முடித்துவிடலாம்: அடிப்பூச்சு, சிவப்பு, வெள்ளை வார், முடிந்தது. பாளையத்து வீரர் இருபதின்மருக்கு இருபது முடிவுகள் எடுக்க வேண்டும். சீருடை இல்லாதவன் ஒவ்வொருவனும் தன் வீட்டுத் துணியில் வந்தவன். நேரம் போகிறதென்று எல்லோருக்கும் ஒரே பழுப்பு மேனியும் வெள்ளைக் கச்சையும் பூசிவிட்டால், எதிரியின் பதிவேட்டில் பெயரற்ற கூட்டமாக இருந்தவர்களை நம் மேசையிலும் அவ்வாறே நிறுத்தியவர்களாவோம். திரைப்படத்தில் கண்ட பளபளப்பை ஏற்றினாலும் அவர்களை மறைத்தவர்களே ஆவோம். சான்று உள்ள இடத்தில் உறுதியாகவும், இல்லாத இடத்தில் சாயவேரும் அவுரியும் அனுமதிக்கும் அளவில் அடக்கமாகவும் தீட்டுவதே நேர்மை. ஒருவனுக்குத் தீட்டியதை மற்றவனுக்குத் தீட்டாதிருப்பது நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய சிறிய மரியாதை.