நுண்ணோக்கியின் முன் அமர்ந்தவர்கள்: கொங்குப் பருத்தி ஆய்வகங்களின் நூறாண்டு

திருப்பூரில் கருநீலமோ மெரூனோ ஏற்றிய துணி சாயப்பட்டறையிலிருந்து செக்கிங் மேசைக்கு வரும்போது, சில லாட்டுகளில் வெளிர்ப் புள்ளிகள் தூவினாற்போலக் கிடக்கும். சாயம் சரியாக ஏறவில்லை என்பார் பனியன் கம்பெனிக்காரர். நூலில்தான் கோளாறு என்பார் சாயப்பட்டறைக்காரர். எங்கள் நூல் டெஸ்ட் ரிப்போர்ட்டோடுதான் வந்தது என்பது மில்லின் பதில். அந்தப் புள்ளி ஒன்றை ஊசிமுனையால் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் வழக்கு அன்றைக்கே தீர்ந்துவிடும். சுவர் தடிக்காமல் நாடாவைப்போலத் தட்டையாகக் கிடக்கும் இழைகளின் சிக்கல் தெரிந்தால், பருத்தி காயிலேயே முதிரவில்லை என்று பொருள். அத்தகைய இழையில் சாயத்தைப் பிடித்துவைக்கும் செல்லுலோஸ் மிகக் குறைவு. எந்தப் பட்டறையாலும் அதை ஆழ்ந்த நிறத்துக்குக் கொண்டுவர முடியாது. மாறாக, இழைகள் நன்கு முதிர்ந்தவையாக இருந்து, அவற்றின்மேல் வேறேதோ படிந்திருந்தால் விசாரணையைச் சாயத்தொட்டியின் பக்கம் திருப்ப வேண்டும்.

இந்தத் தீர்ப்பைக் கருவி தானாகச் சொல்வதில்லை. ஆயிரக்கணக்கான இழைகளைப் பார்த்துப் பழகிய ஒருவர் சொல்கிறார். கொங்கு வட்டாரத்தின் பருத்தி, ஜவுளி ஆய்வகங்களுக்கு அந்தக் கருவியும் அதன்முன் அமரும் ஆளும் எப்படி வந்தார்கள் என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது. கருவி ஒவ்வொரு தலைமுறையிலும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ஆளுக்கான பணியிடம் அவ்வாறு புதுப்பிக்கப்படவில்லை. இதற்கு அலட்சியத்தைவிட நிதி வரும் வழி பெரிய காரணம் என்பது என் முடிவு.

தீர்வையில் பிறந்த ஆய்வகம்

இந்தியப் பருத்தி இழையை முறையாக நுண்ணோக்கியின்கீழ் கொண்டுவந்த நிறுவனம் பம்பாய் மாட்டுங்காவில் 1924-இல் தொடங்கிய தொழில்நுட்ப ஆய்வகம். 1917-18-இல் மெக்கென்னா தலைமையில் அமைந்த பருத்திக் குழுவின் பரிந்துரையால் 1921-இல் இந்திய மத்தியப் பருத்திக் குழு உருவானது. அக்குழுவின் பிள்ளையே இந்த ஆய்வகம். ஏ.ஜே. டர்னர் இதன் முதல் இயக்குநர். 1923-இல் நிறைவேறிய பருத்தித் தீர்வைச் சட்டத்தின்படி ஏற்றுமதியாகும் பருத்தியின்மீதும் மில்கள் பயன்படுத்தும் பருத்தியின்மீதும் ஒரு சிறு தொகை வசூலிக்கப்பட்டது. அந்தத் தீர்வையே ஆய்வகத்தை நடத்தியது. ஆண்டுதோறும் நிற்காமல் வந்த வருமானம் அது. அதைக்கொண்டு கருவி வாங்கலாம்; கருவியைப் பயன்படுத்துவோருக்கு மாதந்தோறும் சம்பளமும் கொடுக்கலாம். பின்னர் வந்த பல திட்டங்களில் இவ்விரண்டும் இவ்வளவு இயல்பாக ஒன்றுசேரவில்லை.

அந்த ஆய்வகத்திலிருந்து குலாட்டியும் நசீர் அகமதும் 1935-இல் வெளியிட்ட முதிர்ச்சி ஆய்வு, இந்தியப் பருத்தி அறிவியலின் அடிக்கல்களுள் ஒன்று. முறை கேட்பதற்கு எளிது. இழைகளைத் தகட்டில் இணையாகப் பரப்பி, 18 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலை விட்டால் அவை உப்பும். நன்கு முதிர்ந்த இழை உருண்டு தண்டுபோலாகி, உட்குழல் ஏறக்குறைய மறைந்துவிடும். முதிராத இழை உப்பிய பிறகும் தட்டையாகவே இருக்கும். உட்குழலின் அகலம் சுவரின் தடிப்பைவிடக் குறைவானால் முதிர்ந்தது; சுவரைவிட அதிகமாகி இருமடங்கை எட்டாமல் இருந்தால் அரைமுதிர்ச்சி; இருமடங்கையும் தாண்டினால் முதிராதது. முதிர்ந்தவற்றின் சதவீதத்தை முழுதாகவும், அரைமுதிர்ச்சியை 0.6 எடையோடும், முதிராதவற்றை 0.4 எடையோடும் கூட்டி நூறால் வகுத்தால் முதிர்ச்சிக் கெழு கிடைக்கும். மான்செஸ்டரின் ஷர்லி நிறுவனத்தில் பியர்ஸும் லார்டும் 1939-இல் தந்த முதிர்ச்சி விகிதம் இதற்கு இணையான பிரிட்டிஷ் கணக்கு. நம் ஆய்வகம் நான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டது. இது போதிய அளவு பேசப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

சூத்திரம் எளிது என்றாலும் இழையை வகைபிரிப்பது எளிதன்று. ஒரே இழையிலேயே சுவரின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். எல்லைக்கோட்டில் நிற்கும் இழையை ஒருவர் அரைமுதிர்ச்சி என்பார். மற்றவர் முதிர்ந்தது என்பார். சில நூறு இழைகளைப் பார்த்து முடிக்கும்போது கண் சோர்ந்துவிடும். முறையின் நம்பகத்தன்மை முழுக்க முழுக்கப் பார்ப்பவரின் பயிற்சியிலும், ஒரே ஆள் ஆண்டுக்கணக்கில் அந்த நாற்காலியில் இருப்பதிலும் தங்கியிருந்தது.

கொங்கு நாட்டில் இத்தகைய இழை ஆய்வுக்குக் களம் ஏற்கெனவே தயாராக இருந்தது. கோவையில் ஸ்டேன்ஸ் நூற்பாலை 1888-இல் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தி, கிணற்றுப் பாசனம் கொண்ட செம்மண் தோட்டங்களில் வேரூன்றியது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. எந்த ரகம் எத்தனை நம்பர் நூலுக்குத் தாங்கும் என்ற கேள்வி விவசாயி, வியாபாரி, மில் முதலாளி மூவருக்கும் பொதுவானது. கோவையின் பருத்தி இனவிருத்தி அறிஞர்கள் உருவாக்கிய எம்.சி.யு. 5 ரகமும் 1974-இல் வந்த சுவினும் நீள இழைப் பருத்தியில் இந்தியாவுக்குப் பெயர் தேடித்தந்தன. நூறு நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கும் ஈடுகொடுத்த சுவினைப் போன்ற ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுக்க, ஒவ்வொரு தலைமுறைச் செடியின் இழையையும் யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அளவீட்டாளர்களின் பெயர்கள் ரகங்களின் வரலாற்றில் வருவதில்லை. மாட்டுங்கா நிறுவனம் இன்று சிர்காட் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் வட்டாரத் தர மதிப்பீட்டுப் பிரிவு கோவையில் இருக்கிறது.

மில்காரர்களின் கேள்வியும் வேகக் கருவியும்

1956-இல் கோவையில் சிட்ரா என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் நிறுவப்பட்டபோது கேள்வியின் திசை மாறியது. அதுவரை நுண்ணோக்கி, எந்த ரகம் நல்லது என்ற இனவிருத்தியாளரின் கேள்விக்கு விடை தேடியது. இப்போது, ஏன் நூல் அறுகிறது, ஏன் நெப்ஸ் என்னும் இழைச்சிக்கல்கள் கூடுகின்றன என்ற மில்காரரின் கேள்விக்கும் விடை தேடத் தொடங்கியது. சிட்ராவின் முதல் இயக்குநர் கஸ்தூரி சீனிவாசன் நூற்பு அறிந்தவர், எழுத்தாளர், பின்னாளில் கோவையில் கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் அமைத்தவர். உறுப்பினர் மில்களின் பங்களிப்பும் மைய அரசின் ஆதரவும் சேர்ந்து சங்கத்தை நடத்தின. இதுவும் தீர்வையைப் போலவே தொடர்ந்து வந்த வருவாய்தான். ஆகவே இங்கும் அனுபவம் பெற்றவர்கள் நிலைத்திருக்க வழி இருந்தது.

பிறகு வேகம் வந்தது. ஒரு குறிப்பிட்ட எடைப் பருத்தியின் ஊடே காற்றைச் செலுத்தி மைக்ரோனேர் மதிப்பு காணும் முறை பரவியது. 1980-களுக்குப் பின் நீளம், வலிமை, மைக்ரோனேர், நிறம் எல்லாவற்றையும் ஒரே கருவியில் விரைந்து தரும் எச்.வி.ஐ. மில்களின் கொள்முதல் மேசைக்கே வந்துவிட்டது. பேல் பேலாகச் சோதிக்க இதுவே ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் மைக்ரோனேர் இழையின் நுண்மையையும் முதிர்ச்சியையும் கலந்து ஒரே எண்ணாகத் தருகிறது. இயல்பிலேயே மெல்லிய, நன்கு முதிர்ந்த ரகமும், இயல்பில் பருத்த, முதிராத ரகமும் ஒரே மைக்ரோனேர் காட்டக்கூடும். இரண்டும் ஒரே பின்னல் துணியில் அடுத்தடுத்த வரிகளாக விழுந்தால், சாயமேற்றாத கோராத் துணியில் ஒன்றும் தெரியாது. சாயம் ஏறியதும் வரிவரியாகப் பட்டை தெரியும். திருப்பூரில் பாரே என்று சொல்லப்படும் குறைக்கு இது ஒரு முதன்மையான காரணம்.

1970-களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கி, வெள்ளைப் பனியன் ஊர் வண்ண டி-ஷர்ட் ஊராக மாறியபோது இக்குறைகளின் விலை பலமடங்கானது. வெள்ளையில் ஒளிந்திருந்த முதிராத இழை கருநீலத்தில் ஒளிய இடமில்லை. ஆக, ஊருக்கு நுண்ணோக்கி மிகவும் வேண்டியிருந்த காலத்தில்தான், வேகக் கருவியின் வரவால் கண்ணால் இழை எண்ணும் திறன் தேவையற்றதாகக் கருதப்பட்டது.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி

எலெக்ட்ரான் நுண்ணோக்கியை 1931-இல் பெர்லினில் நோலும் ரஸ்காவும் காட்டினார்கள். 1940-களில் கல்கத்தாவில் நீரஜ்நாத் தாஸ்குப்தா தம் கையாலேயே ஒன்றைக் கட்டி எழுப்பினார். ஜவுளிக்கு நெருக்கமானது பொருளின் மேற்பரப்பை வருடிப் படம்பிடிக்கும் வகை. ஆய்வகங்களில் செம் என்பார்கள். இதன் வளர்ச்சியில் இழைத் தொழிலுக்கு இருந்த பங்கு கவனிக்கத்தக்கது. கேம்பிரிட்ஜில் ஓட்லியின் குழு செய்த கருவிகளில் ஒன்று 1958-இல் கனடாவின் காகித ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனது. 1965-இல் ஸ்டீரியோஸ்கேன் என்ற பெயரில் வணிகக் கருவி வருமுன் அதன் முன்மாதிரியைப் பெற்றது நைலான் தந்த டுபான்ட் நிறுவனம். மான்செஸ்டரில் ஜான் ஹியர்ல் இழைகள் முறியும் விதங்களை ஆயிரக்கணக்கான படங்களாகத் தொகுத்து வெளியிட்ட பெருநூலில், அங்கே நுண்ணோக்கிப் பணியில் ஈடுபட்டிருந்த பிரெண்டா லோமாஸின் பெயர் ஆசிரியர் வரிசையிலேயே இருக்கிறது. அப்படியொரு அங்கீகாரம் நம் பல்கலைக்கழகங்களில் அரிது.

இந்தியாவில் 1970-களின் நடுப்பகுதியில் அறிவியல் தொழில்நுட்பத் துறை வட்டார நுண்கருவி மையங்களைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்தது தென்னக ஆய்வாளர்களுக்கான வாசல். இன்று அது சைஃப் எனப்படுகிறது. மையம் என்ற கருத்திலேயே பகிர்வும் நிரந்தரப் பணியாளரும் அடங்கியிருந்தன. 2000-இல் வந்த ஃபிஸ்ட் திட்டமும் 2007-இன் நானோ மிஷனும் கருவிகளைத் துறைகளுக்கே நேரடியாகக் கொண்டுசேர்த்தன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பத்துக்குத் தனி மையம் எழுந்தது. வருடும் வகையும் ஊடுருவும் வகையுமாக இரண்டு எலெக்ட்ரான் நுண்ணோக்கிகள் அங்கே வந்தன. தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தின்கீழ் சிட்ராவில் மருத்துவ ஜவுளிக்கும், பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் தொழிலக ஜவுளிக்கும் சிறப்பு மையங்கள் அமைந்தன. ஒரு காலத்தில் சென்னைக்கு மாதிரி அனுப்பிக் காத்திருந்த ஊருக்கு இது பெரிய முன்னேற்றம். இதை மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் இந்த நிதிகள் முதலீட்டு நிதிகள். கருவி, கட்டடம், சில ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு அவை உதவும். அறுபது வயதுவரை நீடிக்கும் பணியிடத்தை உருவாக்கா. பொதுவாக அந்த இடத்தைத் திட்டக்கால ஆய்வு மாணவர் நிரப்புகிறார். அவர் தேர்ச்சி பெறும் வேளையில் முனைவர் பட்டம் முடிந்து வேறிடம் போய்விடுகிறார். அடுத்தவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்கிறார்.

இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பது வேலையின் தன்மையை அறிந்தால்தான் புரியும். பருத்தி மின்கடத்தி அன்று. தங்கப் பூச்சு இல்லாமல் வைத்தால் மின்னேற்றம் தேங்கிப் படம் வெளுத்து நகரும். பூச்சு கனத்தால் நாம் காண வந்த நுண்வெடிப்பே மூடிப்போகும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் செல்லுலோஸ் கருகிக் கொப்புளிக்கும். புதியவர் அந்தக் கொப்புளத்தைச் சாயப்பட்டறை செய்த சேதம் என்று அறிக்கையில் எழுதிவிடக்கூடும். டங்ஸ்டன் இழை அவ்வப்போது தீரும். மாற்றியபின் கற்றையை நேர்ப்படுத்த வேண்டும். குறைவெற்றிட முறை வந்த பிறகு பூச்சில்லாமலே துணியைப் பார்க்க முடிகிறது. கருவிப் புதுப்பிப்பில் ஜவுளிக்காரருக்குக் கிடைத்த நல்ல பயன் இது. அங்கும் எந்த அழுத்தத்தில் எந்தத் துணி தெளியும் என்பது அனுபவ அறிவுதான்.

மின்சாரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2012 வாக்கில் கொங்கு மாவட்டங்கள் பல மணி நேர மின்வெட்டில் தவித்தன. வெற்றிடத்தை இடைவிடாமல் காக்க வேண்டிய கருவிக்கு ஒவ்வொரு திடீர் நிறுத்தமும் ஆபத்து. எப்போது நிறுத்துவது, எந்த வரிசையில் மீண்டும் எழுப்புவது என்று அறிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது காப்பீட்டைவிட மேலானது.

2020-ஆம் ஆண்டுச் சோதனை

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து பாதுகாப்பு உடைகளுக்கு நாடு அலைந்தபோது, செயற்கை இரத்தம் ஊடுருவுகிறதா என்று உடையைச் சோதித்துச் சான்றளிக்க முதலில் கிடைத்த ஆய்வகம் சிட்ரா. திருப்பூரின் பனியன் கம்பெனிகள் பல சில வாரங்களில் முகக்கவசத்துக்கும் முழு உடைக்கும் மாறின. அவற்றின் மாதிரிகளும் நாட்டின் பிற மூலைகளிலிருந்து வந்தவையும் கோவையில் குவிந்தன. அந்தச் சோதனை நுண்ணோக்கி சார்ந்தது அன்று என்றாலும், இக்கட்டுரையின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. மருத்துவ ஜவுளி மையம் பல ஆண்டுகளுக்கு முன்பே அமைக்கப்பட்டிருந்தது. கருவியும் இருந்தது, தையலோரத்தில் கசிந்த துளிக்கும் துணியின் ஊடே ஊறிய துளிக்கும் வேறுபாடு அறிந்த ஆட்களும் இருந்தார்கள். அன்றைக்குக் கருவியை மட்டும் விமானத்தில் இறக்கியிருந்தால் பயிற்சிக்கே மாதங்கள் போயிருக்கும்.

கொள்கையும் தேவையும்

கருவியைத் தந்து, அதை இயக்கவும் காக்கவும் ஆளை வளர்க்காத குறையை அண்மை ஆண்டுகளில் அரசு உணர்ந்திருக்கிறது. 2020 ஜனவரியில் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளம், நாட்டின் ஆய்வுக் கருவிகளை யாரும் முன்பதிவு செய்து பயன்படுத்த வழிசெய்தது. ஸ்துதி திட்டம் கருவி இயக்கப் பயிற்சிக்காக வந்தது. 2022-இன் ஸ்ரீமான் வழிகாட்டுதல்கள் பகிர்வையும் பராமரிப்பையும் வலியுறுத்துகின்றன. பிரிட்டனில் 2017-இல் பல்கலைக்கழகங்கள் தொழில்நுட்பப் பணியாளரின் பதவி உயர்வுக்கும் அங்கீகாரத்துக்கும் உறுதிமொழி ஏற்றன. அதற்கு வெகுகாலம் முன்பே, 1975-இல், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தொழில்நுட்பப் பணியாளருக்குத் தனிப் பணிவரிசையும் பதவி உயர்வும் வகுத்துவிட்டது. சிர்காட் போன்ற நிறுவனங்கள் அதன்கீழ் வருகின்றன. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி இதுவே என்று கருதுகிறேன்.

திருப்பூரின் தேவை இப்போது வெள்ளைப் புள்ளியோடு நிற்கவில்லை. மூங்கில் விஸ்கோஸ் என்று விற்பது உண்மையில் என்ன இழை, மறுசுழற்சிப் பருத்தியில் இழைகள் எவ்வளவு சிதைந்துள்ளன, என்சைம் வாஷில் மேற்பரப்பு மழிக்கப்பட்டதா புண்ணானதா என்பவை எல்லாம் நுண்ணோக்கியில் பார்த்துத் தெளிய வேண்டியவை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பின்னர், திரவக் கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு இல்லாமல் அவை இயங்க முடியாத நிலை வந்தது. அங்கே எதிர்ச்சவ்வூடு பரவல் சவ்வுகள் அடைபடும்போது, அடைத்தது உப்பா, சாயமா, நுண்ணுயிர்ப் படலமா என்று வெட்டிப் பார்த்துச் சொல்லவும் அதே செம் வேண்டும். அதே ஆளும் வேண்டும்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை இவ்வூர்ச் சாயப்பட்டறைக்காரர்கள் பங்கு போட்டுக் கூட்டாகக் கட்டி, மாதாமாதம் செலவைப் பகிர்ந்து நடத்துகிறார்கள். அந்தப் பகிர்வு முறையையே ஒரு பொது நுண்ணோக்கி ஆய்வகத்துக்கும் கொண்டுவரலாம். கருவியை அரசுத் திட்டத்தில் பெறுவது இன்று கடினமன்று. சங்கங்கள் திரட்டும் தொகையை முழுவதும் பணியிடங்களுக்கே ஒதுக்க வேண்டும்: இழை அறிந்த ஒரு மூத்த தொழில்நுட்ப அலுவலர், அவரிடம் கற்று அவருக்குப்பின் பொறுப்பேற்க ஓர் இளையவர், இருவருக்கும் 1923-இன் தீர்வை கொடுத்ததைப் போன்ற நிற்காத சம்பளம்.