விலகும் தமனிகள்: 'இயல்பான உடல்' குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

உடற்கூறு நூலில் வரையப்பட்டிருக்கும் உடம்பு யாருடையது? கேள்வி அசட்டுத்தனமாகப் படலாம். எல்லாருடையதும்தான் என்று பதில் வரும். இந்த 'எல்லாரும்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தோதான இடம் இடுப்புக்குழி.

வயிற்றின் வழியே இறங்கும் பெருந்தமனி இடுப்புக்கு மேலே இரண்டாகிறது. ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகிறது. வெளிப்பக்கத் தமனி காலுக்குப் போகிறது. உள்பக்கத் தமனி குழிக்குள் இறங்கி, கருப்பை, மூத்திரப்பை, மலக்குடல், பிட்டத்துச் சதை அனைத்துக்கும் ரத்தம் கொடுக்கிறது. இதுவரைக்கும் பாடநூலும் உடம்பும் ஒத்துப்போகும். அதற்குப் பிறகு எந்தக் கிளை எந்தத் தண்டிலிருந்து கிளம்பும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. படத்தில் இருப்பது ஒரு வழி. பாடநூல் அதற்கு 'இயல்பு' என்று பெயர் வைக்கிறது. மற்றவற்றை 'மாறுபாடு' என்று அடிக்குறிப்புக்குத் தள்ளுகிறது. இந்தப் பெயர் சூட்டலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது லண்டனில் மட்டும் நடந்த வரலாறு அல்ல.

2

1828-ல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் ஆட்களைக் கொன்று உடல்களை ஒரு உடற்கூறு ஆசிரியருக்கு விற்றது அம்பலமானது. கல்லறையைத் தோண்டிப் பிணம் திருடுவதும் அன்று ஒரு தொழில். 1832-ல் பிரிட்டனில் உடற்கூறுச் சட்டம் வந்தது. திருட்டை நிறுத்தச் சட்டம் கண்டுபிடித்த வழி, உரிமை கோரி யாரும் வராத ஏழைகளின் உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுத்துவிடுவது. இதன் பொருள் நேரானது. பிணத்தை எடுத்து அடக்கம் பண்ணக் காசில்லாதவனுடைய உடம்பு அறிவுக்குப் போகும்.

இந்தப் பின்னணியில்தான் ரிச்சர்ட் குவெய்ன் 1844-ல் தமனிகள் பற்றிய பெரும்படத் தொகுதியைக் கொண்டுவந்தார். சுமார் ஆயிரம் உடல்களை அறுத்து, எந்தத் தமனி எத்தனை பேரிடம் எங்கிருந்து கிளம்புகிறது என்று எண்ணிப் பார்த்த வேலை அது. மாறுபாடு அப்போதே கண்ணில் பட்டுவிட்டது என்பதைக் குறித்துக்கொள்வோம். 'தெரியாமல் விட்டுவிட்டார்கள்' என்று சொல்ல வழியில்லை.

1858-ல் ஹென்றி கிரேயின் நூல் வந்தது. படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். நூலின் வருமானம் கிரேக்கு. கார்ட்டருக்கு ஒருமுறை கொடுத்துத் தீர்த்த கூலி. அதே வருஷம் கார்ட்டர் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து பம்பாய் வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். உலகம் முழுக்க 'மனித உடல்' என்று அறியப்பட்ட உடம்பு, லண்டனின் பெயரற்ற ஏழைகளைப் பார்த்து ஒரு கூலி ஓவியன் வரைந்தது. பாகங்களின் பெயர்களைத் தமனியின் மீதே எழுதினார் அவர். தமனிக்குப் பெயர் கிடைத்தது, தமனிக்குச் சொந்தக்காரனுக்குக் கிடைக்கவில்லை.

3

அந்த உடம்பு தமிழுக்கு வந்த கதை இன்னும் சுவையானது. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். பிறகு பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலம் படித்தவன் கிராமத்துக்குப் போகமாட்டான், பட்டணத்து உத்தியோகத்துக்குத்தான் போவான் என்பது அவர் கணக்கு. இரண வைத்தியம் 1867-ல் வந்தது. கிரேயின் நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872-ல் வந்தது. அடுத்த வருஷம் கிரீன் ஊர் திரும்பினார். அவர் போனபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி அங்கே நிலைக்கவில்லை.

'அங்காதிபாதம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கேசாதிபாதம், பாதாதிகேசம் படித்தவர்களுக்கு அதன் ஓசை பழக்கமானது. அந்த வருணனை மரபில் எல்லாப் பெண்ணுக்கும் ஒரே இடைதான். கொடி, மின்னல், இல்லையோ என்று ஐயுறும்படியான ஒன்று. பிள்ளை பெற்ற இடை, தறிக்குழியில் உட்கார்ந்து கூன்விழுந்த இடை அதில் கிடையாது. சித்த மருத்துவமும் எழுபத்தீராயிரம் நாடி என்று எல்லா உடம்புக்கும் ஒரே எண்ணிக்கையைத்தான் சொல்லிற்று. ஆக, 'இயல்பான உடல்' என்பது மேற்கு நம்மீது திணித்தது மட்டுமே என்று தப்பித்துக்கொள்ள முடியாது. நம் பிரதிகளுக்குள்ளும் ஓர் ஒற்றை உடம்பு ஏற்கெனவே குடியிருந்தது. காலனிய உடற்கூறு வேறொன்றைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் உட்காரவைத்தது. சொற்களும் பிரிந்தன. ரத்தம் கொண்டுபோகும் குழாயைத் தமிழ்நாட்டுப் பாடநூல் தமனி என்கிறது, ஈழத்துப் பாடநூல் நாடி என்கிறது. இரண்டுமே பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டன. சேலத்து ஆஸ்பத்திரியில் அறுவை மேசைக்கு மேலே புழங்குவது ஆங்கிலம்.

4

1928-ல் கியோத்தோவில் பூந்தாரோ அடாச்சி ஜப்பானியரின் தமனிகள் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பெருநூல் வெளியிட்டார். இடுப்பின் உள் தமனி கிளைபிரியும் விதத்தை அவர் வகைப்படுத்தியதுதான் இன்றும் கையாளப்படுகிறது. இதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஐரோப்பிய உடம்பே அளவுகோல் என்பதற்கு இது ஒரு மறுப்பு. அதேசமயம் 'இன்ன இனத்துக்கு இன்ன தமனி' என்று பார்க்கிற அன்றைய இன உடற்கூற்றின் வாரிசும்கூட. கிடைத்த விடை அந்த இனவாதத்துக்கே உதவவில்லை என்பதுதான் வேடிக்கை. அவருடைய முதல் வகைதான் பின்னர் வெவ்வேறு நாடுகளில் எடுத்த பெரும்பாலான கணக்குகளிலும் முன்னால் நிற்கிறது, மற்ற வகைகளும் அங்கங்கே கலந்து கிடைக்கின்றன. அடிப்படையான வேறுபாடு இனத்துக்கு இனம் அல்ல, ஆளுக்கு ஆள். ரத்தத்தில் ஜாதி தேடுகிறவர்கள் ரத்தக்குழாயைத் திறந்து பார்த்தாலும் ஏமாந்துதான் போவார்கள்.

5

இதெல்லாம் வெறும் சொல்லாடல் விவகாரம் அல்ல. கத்தி வைக்கும்போது உயிர்ப் பிரச்சினை. தொடைக்குப் போகும் ஒரு சிறு தமனி (அடைப்புத் துளை வழியாகப் போவது) வழக்கமாக உள் தமனியில் கிளம்பும். ஏழு பேரில் இரண்டு பேருக்கு அது அடிவயிற்றுச் சுவரின் தமனியிலிருந்து கிளம்புகிறது என்று கிரேயின் பதிப்புகளே சொல்கின்றன. சிலருக்கு அது இடுப்பெலும்பின் முன்விளிம்புக்குப் பின்னால் வளைந்து, தொடைக் குடலிறக்கத்தின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஓடும். நெரிபட்ட குடலை விடுவிக்க வேண்டி அங்கே இருக்கும் நாரைக் கண்மூடித்தனமாக உள்பக்கம் அறுத்தால் ரத்தம் பீறிடும். லத்தீனில் இதற்குச் 'சாவின் மகுடம்' என்று பெயர். லாரி மோதி இடுப்பெலும்பு நொறுங்கி வருகிறவர்களுக்குத் தகடு பொருத்தும் மருத்துவர்கள் இன்றும் முதலில் தேடிப் பார்ப்பது இதைத்தான்.

பிரசவத்துக்கு வருவோம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்கு 500 மில்லிக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. ஆள் உடம்பில் மொத்தமே ஐந்து லிட்டர் சொச்சம். பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. மருந்தும் கைவைத்தியமும் தோற்றால், உள் தமனிகளைக் கட்டுவது ஒரு வழி. 1893-ல் பால்டிமோரில் ஹோவர்ட் கெல்லி, கருப்பைப் புற்றின் ரத்தப்போக்கை நிறுத்த முதலில் இதைச் செய்தார். கட்டியபின் ரத்தம் நின்றுபோவதில்லை. 1960-களில் பர்ச்செல் அளந்து காட்டினார்: ஓட்டம் பாதியாகிறது, இரு பக்கமும் கட்டினால் துடிப்பின் அழுத்தம் 85 சதம் குறைகிறது. மற்றக் கிளைகளின் பின்னல் வழியாகச் சுற்றுவழியில் ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் உறுப்பு அழுகாமல் பிழைக்கிறது. துடிப்பு அடங்கியதால் ரத்தம் உறையவும் நேரம் கிடைக்கிறது. பாவில் ஓர் இழை அறுந்தும் துணி கிழியாமல் நிற்பது மாதிரி.

ஆனால் எங்கே கட்டுவது? பிட்டத்துக்குப் போகும் பின்கிளை பிரிந்த பிறகு கட்ட வேண்டும்; முன்னதாகக் கட்டினால் பிட்டத்துச் சதை சாகலாம். அந்தக் கிளை எவ்வளவு கீழே பிரிகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒட்டினாற்போல் பின்னால் மெல்லிய சிரை, பக்கத்தில் சிறுநீர்க் குழாய். தவறி வெளித் தமனியைக் கட்டினால் கால் போய்விடும். ஆகவே கட்டுமுன்பும் பின்பும் காலில் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். சுற்றுவழிக் கிளை ஒன்று எதிர்பாராத இடத்தில் பெரிதாக இருந்தால் கட்டியும் ரத்தம் நிற்காது. அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்ட உடம்பு அங்கே மேசைமீது கிடக்கிறது.

6

1951-ல் சென்னை ராஜ்யத்திலும் உடற்கூறுச் சட்டம் வந்தது. உரிமை கோரப்படாத உடல், கல்லூரிக்கு. லண்டன் தர்க்கமேதான். ஆஸ்பத்திரியில் நாதியற்றுச் செத்தவன், ரோட்டோரத்தில் கிடந்தவன், ஊரைவிட்டு வந்த கூலி. நம் மருத்துவர்கள் விரலால் தொட்டுக் கற்ற தமனிகள் இவர்களுடையவை. விரும்பி உடல்தானம் செய்வோர் பின்னால் பெருகினார்கள். 2010-ல் ஜோதி பாசுவின் உடலும், 2024-ல் சீதாராம் யெச்சூரியின் உடலும் மருத்துவக் கல்விக்குப் போயின. நம் நண்பர்களிலும் எழுதிவைத்தவர்கள் உண்டு. தன் உடம்பைத் தானே கொடுப்பதற்கும், கேட்க ஆளில்லாததால் எடுத்துக்கொள்ளப்படுவதற்கும் நடுவில் இருப்பதுதான் அரசியல்.

கொடுத்தவர்களுக்குத் திரும்பி வந்தது என்ன? வெண்ணந்தூர்ப் பக்கம் தறிக்காரக் குடும்பத்தில் ஒருத்திக்குப் பேறுகாலத்தில் ரத்தம் நிற்காவிட்டால் ராசிபுரம், அங்கிருந்து சேலம் என்று கொண்டு ஓட வேண்டும். சேலத்தில் மருத்துவக் கல்லூரி வந்தது 1986-ல். நாமக்கல்லில் 2022-ல். மாற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். 2018-20 கணக்கின்படி தமிழ்நாட்டில் லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள், இந்தியாவில் 97. இந்த வித்தியாசம் மேதைகளான அறுவை மருத்துவர்களால் மட்டும் வந்ததல்ல. ராத்திரியும் திறந்திருந்த ஆரம்ப சுகாதார நிலையம், செவிலியர், ஆம்புலன்ஸ், ரத்த வங்கி இவற்றால் வந்தது. ஒரு தமனி எங்கே பிரிந்தாலும், கட்டத் தெரிந்த கை பக்கத்தில் இருந்தால்தான் அந்த அறிவுக்குப் பொருள்.

சராசரி என்பது மக்கள் தொகைக்கு உதவும். மேசைமீது கிடப்பது சராசரி அல்ல, ஒருத்தி. அவளைப் படத்தின் பிழையாகப் பார்க்காமல், படத்தை அவளுக்கு முன் வந்தவர்களின் சுருக்கமாகப் பார்க்கிற மருத்துவர் துடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நூலை முடிச்சிடுவார். பெரும்பான்மையை 'இயல்பு' என்றும் மீதியை 'விலகல்' என்றும் எண்ணிப் பழகிய நம் அரசியல், இலக்கிய வாசிப்புகளுக்கும் அந்த விரல்கள் தேவைப்படுகின்றன.